கௌடாவும் நாகூராரும்

பினாங்குத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஜபருல்லாவின் கடையில், டச்சு சீஸ் வந்து இறங்கினால் நாகூரார்தான் அடுக்குவார். மஞ்சள் நிறத்தில் வட்ட வட்டமான பெரிய கட்டிகள். கௌடா என்று பெயர். நாகூராரின் சொந்தப் பெயர் கமால். அப்படி யார் கூப்பிட்டார்கள்? நம் ஆட்களுக்கு ஒருவன் கப்பலேறிய ஊர் தெரிந்தால் போதும், பெயர் எதற்கு?

ஒருநாள் டச்சுக் கப்பலின் சமையல்காரர் மலாய் மொழியில் ஒரு கதை சொன்னார். கௌடா என்பது ஓர் ஊராம். ஆனால் சீஸ் செய்வது அங்கே இல்லையாம். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் பெண்கள் செய்வார்களாம், விற்பது மட்டும் கௌடா சந்தையில். அந்தச் சந்தையின் பெயரே ஒட்டிக்கொண்டதாம்.

"நம்ம நாகூரார் மாதிரிதான்லா" என்றார் ஜபருல்லா. "ஏறுனது நாகூரு. பொறந்தது எங்கேன்னு யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நாகூரார் கட்டியைத் துடைத்தபடியே கேட்டார்.

"அப்ப செஞ்ச பொம்பளைங்க பேரு?"

சமையல்காரருக்குத் தெரியவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு நாகூரார் மௌத்தாகிப் போனார். பினாங்கில் அவருக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. ஜபருல்லாவே முன்னின்று எல்லாம் செய்தார். தன்னிடம் உழைத்த மனிதனை ஒரு குறையும் இல்லாமல் அனுப்பிவைக்க வேண்டும் என்று அவருக்கு வைராக்கியம்.

மையவாடியில் அடக்கம் முடிந்தது. அடக்கமானவருக்கு ஈமானை நினைவூட்டும் தல்கீன் ஓத, பள்ளிவாசல் லெப்பை கபரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அதில் இறந்தவரைத் தாயின் பெயரோடு சேர்த்துத்தான் அழைக்க வேண்டும்.

"இவரோட உம்மா பேரு?" என்று லெப்பை கேட்டார்.

எத்தனையோ வருஷம் ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று நாகூரார் கேட்ட கேள்வி ஜபருல்லாவுக்கு நினைவு வந்தது.

லெப்பை தேற்றினார். தெரியாவிட்டால் குற்றமில்லை, நம் எல்லோருக்கும் ஆதித்தாய் ஹவ்வாதான் என்றார். பிறகு ஓதத் தொடங்கினார்.

"கமாலே, ஹவ்வாவின் மகனே..."

ஜபருல்லா அழுதுவிட்டார். அந்த ஒரு குறை இருந்துவிட்டதே என்றுதான் அழுதார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, கடையாள் பஷீரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க உம்மா பேரு ருக்கையா. ஞாபகம் வச்சுக்க தம்பி."

பஷீர் தலையாட்டினார்.

"எங்க உம்மா நூர் பீவி, அண்ணே."

பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் உம்மா பெயரைச் சொல்லிக்கொண்டே கடைக்கு நடந்தார்கள்.