மூன்று யானை லேபிள்கள்

என் மகள் இந்துஜா இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தால் கடகடவென்று வாசிப்பாள். தெருவே மெச்சும். எனக்கு மட்டும் அதை நம்ப மனசு வரவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. தமிழில் 'தக்காளி' என்று இருந்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, வியர்த்து, அப்புறம்தான் தக்காளிக்கு வந்து சேருகிறாள். வீட்டில் பேசுகிற பாஷையிலேயே தட்டுத்தடுமாறுகிறவள், எங்கள் வம்சத்தில் யாருக்கும் வராத இங்கிலீஷில் மட்டும் எப்படி ஓடுவாள்? எங்கேயோ கள்ளத்தனம் இருக்கிறது.

முதல் சந்தேகம் என் வீட்டுக்காரர் செல்வகணேஷ் மேல். நான் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வருவதற்குள் சொல்லிக்கொடுத்து வைக்கிறாரோ? ஆனால் அவர் லோடு வேனை நிறுத்திவிட்டு வரவே பொழுது அடைந்துவிடும். அடுத்தது அவள் கிளாஸ் டீச்சர் வினோலியா மிஸ். நேரில் போய்க் கேட்டேன். "நல்லா படிக்காம்மா. டிவிய மட்டும் கொறைங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

"பிள்ள படிச்சாலும் நொட்டம் சொல்லுத. ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார்.

தெரியாதுதான். அதுதானே என் வயிற்றெரிச்சல்! ஏமாந்தாலும் தெரியாதே. அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பில் பாடம் கூடிக்கொண்டே போகும், எல்லாம் இங்கிலீஷில். வாசிக்கத் தெரியாமல் போய் உட்கார்ந்தால் பிள்ளை என்ன ஆவாள்? நினைத்தாலே பயமாக இருந்தது.

எங்கள் ஆபீசில் யானை மார்க் பெட்டி பல ஊருக்குப் போகும். லேபிளில் படம் ஒன்றுதான். எழுத்து மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஓரம் கிழிந்தது என்று கழித்துப் போட்டதில் மூன்றை எடுத்து முந்தானையில் முடிந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, அவர் கண் முன்னாலேயே இங்கிலீஷ் லேபிளை மகளிடம் நீட்டினேன்.

"எலிஃபென்ட்!"

"பாத்தியா?" என்று அவர் மீசையைத் தடவினார்.

அடுத்ததை நீட்டினேன். பாட்னாவுக்குப் போகிற இந்தி லேபிள்.

"எலிஃபென்ட்!"

மூன்றாவது ஒடிசாவுக்குப் போவது. அதில் இருக்கிற வட்ட வட்ட எழுத்து எந்தப் பக்கம் மேல் என்றே எங்களுக்குத் தெரியாது.

"எலிஃபென்ட்!" கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

அவர் கை மீசையிலிருந்து இறங்கியது. நான் மறுபடியும் இங்கிலீஷ் லேபிளை எடுத்து, யானையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நீட்டினேன். பிள்ளை என் விரலை விலக்கப் பார்த்தாள்.

"ஏட்டி, கள்ளி! இத்தன நாளும் எங்கள ஏமாத்திட்டியா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன்.

அவள் முகத்தில் பயமே இல்லை. இதுகூடத் தெரியாதா என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

"நான் ஏமாத்தலம்மா. தமிழ்னா எழுத்தப் பாத்து வாசிக்கணும். இங்கிலீஷ்னா படத்தப் பாத்து வாசிக்கணும். மிஸ் சொல்லச் சொல்ல நாங்களும் சொல்லுவோம். பெறகு படத்தப் பாத்தா தானா வந்துரும். எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான வாசிக்கோம்?"

அடப் பாவமே! ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"எல்லாருமா?" என்றார் அவர்.

"ஆமாப்பா. நான்தான் ஃபர்ஸ்ட்."