பத்தாவது அடியில்

இன்றைக்கு நினைத்தாலும் யுவனேஸ்வரிக்கு முதலில் சிரிப்புத்தான் வரும், அப்புறம்தான் அழுகை. ஒரு பிள்ளையை டாக்டரிடம் காட்டுவதற்கு தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான ஒரு லயமே சேர்ந்து மூன்று வாரம் ஒத்திகை பார்த்த கூத்து, கேமரன் மலையில் வேறு எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் நடந்திருக்காது.

அவள் கணவன் புனிதன் தோட்டத்துத் தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்க்கிறவன். நியூசிலாந்தில் ஒரு பால்மாவு ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். ஆனால் மூன்று பேரும் கோலாலம்பூரில் அவர்கள் குறித்துக் கொடுத்த டாக்டரிடம் உடம்பைக் காட்டி, அறிக்கை போக வேண்டும். புனிதனுக்கும் அவளுக்கும் கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. கவலையெல்லாம் எட்டு வயதுச் சாந்தினியைப் பற்றித்தான். பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள். கால் இரண்டும் விறைப்பு, பேச்சு மெதுவாகத்தான் வரும். புத்தியில் ஒரு குறையும் கிடையாது, வாய்த்துடுக்கு வேறு. அதிக உதவி தேவைப்படுகிற பிள்ளை என்று டாக்டர் எழுதிவிட்டால் விசா கிடைக்காமலே போகலாம் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தான்.

இங்கே தானா ராத்தா டவுன் பள்ளியில் அவளுக்கு இருந்தது தனியாக ஒரு அறையும் ஒரு டீச்சரும். அங்கே மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரலாம். அந்த ஒன்றுக்காகத்தான் புனிதன் போக நினைத்தான். யுவனேஸ்வரிக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே ஒரு பயம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. லயத்தில் சாந்தினியின் கால் தரையில் பட்ட நேரம் குறைவு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் யாராவது அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிகளுக்குக் கீழே ரோட்டோரம் விடுவார்கள். கொழுந்து லோரி ஓட்டும் மகேஸ்வரன் முன்சீட்டில் உட்காரவைத்து டவுனுக்குக் கூட்டிப்போவார். கோயிலோ, கல்யாணமோ, குழாயடியோ, யார் இடுப்பு காலியாக இருக்கிறதோ அந்த இடுப்பு அவளுடையது. சமூகநல இலாகா கொடுத்த சக்கர நாற்காலி மூலையில் நின்று புனிதனின் சட்டைகளைத்தான் சுமந்தது. அந்த ஊரில் இவளைத் தூக்க யார் இருக்கிறார்கள்?

விஷயம் பக்கத்து வீட்டு ஜெயாவின் காதுக்குப் போனது. ஜெயா கொழுந்து எடுக்கிறவள். மூன்று மகன்களும் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால், அதட்ட ஆளில்லாமல் லயத்தையே அதட்டிக்கொண்டிருந்தவள்.

"டாக்டருன்னா என்னாடி? தொர மாதிரிதான லா. தொர வந்தா நாம என்னா செய்வோம்?" என்றாள்.

துரை வந்தால் என்ன செய்வது என்பது அங்கே மூன்று தலைமுறையாக எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் லயம் பார்க்க வருகிறார் என்று ஆபீஸ் கிராணி சொல்லியனுப்பிய மறுநிமிடம் கோழிகள் கூடைக்குள் போகும், ஆடுகள் தேயிலைக்குள் போகும், கால்வாய் ஓரத்துக்குச் சுண்ணாம்பு விழும். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்த வாளியைக்கூட ஒளித்துவிடுவார்கள். துரையும் பார்த்துவிட்டு "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சிவிட்டுச் சந்தோஷமாகப் போய்விடுவார். கூரை அடுத்த வருஷமும் ஒழுகும்.

"புள்ளைய பத்து அடி நடக்க வச்சிருவோம். பாத்தோன சீல் குத்தி அனுப்பிருவாரு," என்றாள் ஜெயா.

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. வேலை முடிந்து, தொழிற்சாலையிலிருந்து வறுத்த தேயிலை வாசனையும் பனியும் சேர்ந்து இறங்கிவரும் நேரத்தில், ஜெயா வீட்டு வாசலிலிருந்து குழாயடி வரைக்கும். லயத்துக் கடைசி வீட்டுக் கருப்பையா அண்ணன் சத்தம் போட்டு எண்ணுவார். துவைக்க வந்தவர்கள் துணியை நனையப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். முதல் நாள் இரண்டு அடி. "போதும், காலு மோகோக் பண்ணுது," என்றாள் சாந்தினி. வேலைநிறுத்தமாம்! சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்தாவது நாள் ஆறு அடி. மூன்றாவது வாரம் பத்து. பத்தாவது அடியில் ஜெயா கைகளை விரித்துக்கொண்டு நிற்பாள். சாந்தினி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே முன்னால் சாய்வாள். ஜெயா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அப்படிப்பட்ட மாலைகள் யுவனேஸ்வரிக்கு அதற்கப்புறம் வாய்க்கவே இல்லை.

கோலாலம்பூர் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, நடுத்தர வயது. புனிதன் எக்ஸ்ரே எடுக்க வரிசையில் நின்றிருந்தான். "நடந்து காட்டுகிறாயா?" என்று டாக்டர் மலாயில் கேட்டதும் சாந்தினி சுவரைப் பிடித்து எழுந்தாள். அம்மாவின் பக்கம் பார்க்கக்கூட இல்லை. ஒன்று, இரண்டு என்று யுவனேஸ்வரி வாய்க்குள் எண்ணினாள். ஒன்பது. பத்து. சாந்தினி கண்ணை மூடினாள். முன்னால் சாய்ந்தாள்.

அங்கே ஜெயா இல்லை. யுவனேஸ்வரி சுவரோரம் எங்கோ தூரத்தில் நின்றாள். பேனா ஒரு பக்கம் பறக்க, டாக்டர் நாற்காலியை விட்டுப் பாய்ந்து, முட்டி தரையில் மோத, பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

சாந்தினி கண்ணைத் திறந்து பார்த்தாள். "நீங்க ஜெயா பெரியம்மா இல்லியே," என்றாள்.

டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே எழுந்தார். "கடைசியில் தடுமாறினாலும் நன்றாகத்தான் நடக்கிறாள். தனியாகச் சமாளித்துக்கொள்வாள் என்று எழுதலாமா?"

ஆமாம் என்ற சொல் யுவனேஸ்வரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் லயமே காத்திருந்தது. ஆனால் ஆமாம் என்றால் அந்தப் புது வகுப்பில் இவளுக்குப் பக்கத்தில் உதவிக்கு யாரையும் வைக்க மாட்டார்கள். இவள் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாய்வாள்.

"இல்ல டாக்டர்," என்றாள். "இந்தப் பத்து அடி நாங்க பழக்குனது." அப்புறம் தட்டுத் தடுமாறி மலாயில் எல்லாவற்றையும் கொட்டினாள். காலையில் யார் தூக்குவார்கள், யார் படியிறக்குவார்கள், லோரி, கோயில், குளியல், கழிவறை. டாக்டர் எழுதி முடித்துப் பக்கத்தைத் திருப்பி மறுபடியும் எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில்தான் புனிதனுக்கு விஷயம் தெரிந்தது. "சொல்லாம இருந்திருக்கலாம் யுவனேஸ்," என்றான் ஒரே ஒரு தடவை. தூங்குகிற பிள்ளையை மடியில் இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து வைத்துக்கொண்டான்.

ஏழு மாதம் இழுத்தடித்து, விசா வரத்தான் செய்தது, வகுப்பில் உதவிக்கு ஓர் ஆளும் கிடைத்தது. ஆனால் அது அன்று சாயங்காலம் யாருக்குத் தெரியும்? லயம் முழுக்க வாசலில் நின்றது.

"பாஸா?" என்றார் கருப்பையா.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேண்ணே."

ஜெயாவுக்குப் பொறுக்கவில்லை. "மூனு வாரம் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனமேடி! வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியல?" என்று பொரிந்து தள்ளினாள். சட்டென்று நிறுத்தினாள். "புள்ள பத்தாவது அடியில சாஞ்சாளா?"

"சாஞ்சாக்கா."

"யாரு புடிச்சா?"

"அந்த டாக்டரம்மாதான். ஓடியாந்து முட்டி போட்டுப் புடிச்சாங்க."

"முன்ன பின்ன பாத்தவளா?"

"இல்லக்கா."

ஜெயாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப போங்கடி," என்றாள். "ஊரு பேரு தெரியாதவ ஓடியாந்து புடிச்சிருக்கா. அங்கயும் எவளாச்சும் புடிப்பா."

சொல்லிவிட்டு யுவனேஸ்வரியின் இடுப்பிலிருந்து சாந்தினியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். சோறு ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை போய்க் கேட்டும் பிள்ளையைத் தரவில்லை.