கருகாத தகடுகள்

...பெரிய பேட்டரிதான் இதைத் தின்றது என்றால் ட்ரிகருக்குள் மின்சாரம் பாய்கிற தகடுகள் ஏன் கருகவில்லை, கோசிகா டோர்ச்சை இன்னும் கிட்டப் பிடித்தாள், இரண்டு தகடும் தேய்ந்திருந்தாலும் கருகாமல் மின்னின. பிளாஸ்டிக் குண்டு சுடுகிற ஏர்சாஃப்ட் துப்பாக்கி, கணவன் மிதுலனுடையது, மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு விளையாடப் போகிறவன், அப்படித்தானே சொல்கிறான்... காலையில் இதை மேசையில் வைத்தபோதே, "பதினொரு வோல்ட் பேட்டரியைப் போட்டிட்டன் கோசி, அதிலதான் உள்ளுக்கு எல்லாம் போச்சுது" என்றான், கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? கிங்ஸ்பரி வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் நான்கு வருடமாக எத்தனை பேருடைய துப்பாக்கிகளைத் திறந்து திருத்தி மூடியிருக்கிறாள், பெரிய பேட்டரி செய்கிற அழிவு அவளுக்குத் தெரியாததா? ஏழு வோல்ட் போடவேண்டியதில் பதினொன்றைப் போட்டால் கியர் தலைதெறிக்கச் சுற்றும், பிஸ்டன் முழுதாகத் திரும்பி வருமுன்னமே பிடித்து இழுக்கும், ஒன்றிரண்டு பல் படாரென்று முறியும், தகட்டில் பொறி பறந்து கருகும். இங்கே ஒரு பல்லும் முறியவில்லை. எல்லாம் ஒரே அளவாய் மழுங்கி, மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டுகளும் பாதியாய்க் குறைந்து... இது ஆற அமர, நாள்தோறும் சுட்டுச் சுட்டு வந்த தேய்மானம். மாதம் ஒரு ஞாயிறாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான், அதுவும் சோறு போடுகிறவளிடமே.

நாள்தோறும் என்றால் எந்த நாள்? திங்கள் முதல் வெள்ளி வரை விடிய ஆறு மணிக்கே ஷிப்ட் என்று போகிறவன்... முன்பெல்லாம் குழம்புக் கறையோடு வந்த சாப்பாட்டுப் பெட்டி இப்போது கழுவித் துடைத்து வருகிறது, திருந்திவிட்டான் என்றல்லவா சந்தோசப்பட்டாள், போன செவ்வாய் அவனுடைய வேலை ஜாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளைக் குண்டு வாஷிங் மெஷினுக்குள் உருண்டதே, தன் கொட்டில் குப்பையென்று அவளே தூக்கி எறிந்தாளே, மடைச்சி. வேலை இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் எப்போதிருந்து? அல்லது வேறு யாரோடாவது... சீ, என்ன நினைப்பு இது. கதவைத் தள்ளிக்கொண்டு மிதுலன் தேத்தண்ணியோடு வந்தான், வைத்தான், போகவில்லை. "பேட்டரிதானே?" என்றான். "அந்தப் பேட்டரியைக் கொண்டு வாங்கோ பாப்பம்." "அது... ஒருத்தனிட்ட இரவல் வாங்கினது. திருப்பிக் குடுத்திட்டன்." நல்ல இரவல், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. "உள்ளுக்கு எல்லாம் வடிவாத் தெரியுது" என்றாள், குரல் தான் நினைத்ததைவிட உரத்து வந்துவிட்டது. கோபப்படுவான் என்று பார்த்தாள். "ஓம். உமக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்" என்றான், கண் அவள் முகத்துக்கு வரவில்லை, திறந்து கிடந்த கியரிலேயே நின்றது. வெம்பிளியில் ஒரு கடைக்காரன் இருக்கிறான், ஒரு கேள்வி கேட்காமல் திருத்திக் கொடுப்பான், அது இவனுக்கும் தெரியும்... மறைக்க நினைத்தவன் எதற்கு இதை, பல்லைப் பார்த்தே நாட்கணக்கைச் சொல்லக்கூடியவளிடம் கொண்டுவந்து வைத்தான்? கோசிகா டோர்ச்சை அணைத்தாள், பக்கத்து ஸ்டூலில் கிடந்த சாமான் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தாள். "இருங்கோ, சொல்லுங்கோ" என்றாள்.