சுண்ணாம்புக் கோடு

பதுளை பஸ் நிலையத்தருகே நடைபாதை வியாபாரிகளுக்கு மாநகர சபையார் புது இடம் கட்டப் போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவரவருக்கு வேண்டிய இடத்தை அவரவரே உட்கார்ந்து காட்டச் சொல்லி மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். கொய்யா விற்கும் தனபாக்கியம் துரத்தப்பட்டே பழகியவள். சாக்கை நாலாக மடித்துப் போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"தாராளமா உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

"இது போதுங்க ஐயா."

அவளைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கூட விற்கும் புருஷன் இராசையா, பொலிஸ் வருகிறதா என்று வழக்கம்போலத் தெருமுனையில் காவல் நின்றான்.

திறப்பு விழாவன்று கோடு சீமெந்துக் கட்டாகியிருந்தது. அதற்குள் அவளுக்கும் கூடைக்குமே இடம் சரியாக இருந்தது.

"நீங்களும் வாங்க" என்று புருஷனிடம் சொல்லி நகரப் பார்த்தாள். நகர இடமில்லை.

"நீ உக்காரு புள்ள. நா அங்க நிக்கிறேன்" என்று இராசையா தெருமுனைக்கே போனான்.

இனி யாரும் துரத்த வரப்போவதில்லை.