அழிக்கும் விசையில் ஒரு சொட்டுப் பசை

1

இந்தக் கதை ஒரு மூக்குக் கண்ணாடியிலிருந்து பிறந்தது. இதை எழுதுகிறவளின் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதன் வலது கால் கழன்றுவிட, அவள் கணவர் சூப்பர் க்ளூவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவளுடைய லேப்டாப் திறந்து கிடந்தது. குழாயின் வாய் அடைத்திருந்ததால் குண்டூசியால் குத்தி அமுக்கினார். பசை கண்ணாடிக்கும் போனது, லேப்டாப்புக்கும் போனது.

"கீபோர்டுல பட்டுடுச்சா?"

"ஒரே ஒரு கீதான்."

"எது?"

குனிந்து பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். "அழிக்கிற கீ. உன் வலது கையே போச்சு."

அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். மடக்கும் மூட்டுக்குள்ளும் பசையை விட்டிருந்தார். "இது மடங்கவே மாட்டேங்குதே."

"மடக்கி என்ன பண்ணப் போற? எப்பவும் மூக்குலதானே இருக்கு."

(இதுதான் கடைசி சாதாரண விஷயம் என்று எழுதினால், அவளுக்கு அப்போதே ஏதோ தெரிந்ததுபோல் ஆகிவிடும். தெரியாது. அவளுக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.)

2

வேறு தொடக்கங்களும் இருந்தன.

மரணம் எப்போதுமே —

அவர் போன பிறகு இந்த வீட்டின் —

அழிக்கும் விசை கல்லாகிவிட்டதால் இரண்டும் அப்படியே நிற்கின்றன. சுட்டியால் தேர்ந்தெடுத்து வெட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வெட்டலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு முறையும் கை சுட்டி வரைக்கும் போகவேண்டும். போகிற வழியில் மனசு மாறிவிடுகிறது.

மூன்று வரி எழுதினால் நான்கு வரி அழிக்கிறவள் அவள். இத்தனை வருஷத்தில் ஒரு கதையைக்கூட முடித்ததில்லை. "ஒண்ணாவது முடிச்சுக் குடு," என்பார் கணவர். "நல்லா இல்லன்னாலும் நல்லாருக்குன்னு சொல்றேன்."

3

அன்று அவள் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அது க்ளூவையும் கரைக்கும், கீயையும் கரைக்கும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஸ்பிரிட் வேணும். பஞ்சுக் குச்சியில தொட்டு ஓரம் ஓரமா வெச்சா இளகும். நாளைக்கு வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் அழிக்காம எழுது."

மறுநாள் அலுவலகப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

(இதை விரிவாக எழுத முயன்ற வாக்கியங்கள் இந்தக் கோப்பின் அடியில் கிடக்கின்றன. அங்கே நீங்கள் போக வேண்டாம்.)

4

இங்கே அவளுடைய கொழுந்தன் வருகிறான். அவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. துக்கக் கதைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறவன். அடக்கமான ஆளாக மாற்றிவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் ஸ்பிரிட் பாட்டிலோடு வந்து நின்றது அவன்தான்.

"சார்ஜரைக் கழட்டிட்டீங்களா அண்ணி? ஆஃப் பண்ணியாச்சா?"

"ஆச்சு. ஊத்து."

"நேரா ஊத்தக் கூடாது, உள்ள இறங்கிடும். இது என்ன பூந்தொட்டியா?"

முதலில் லேப்டாப்பின் அடிப்பக்க மூலையில் ஒரு துளி தொட்டுத் தேய்த்தான். நிறம் போகவில்லை. பிறகு நனைந்த பஞ்சை விசையின் விளிம்பில் ஒற்றி, காத்திருந்து, மறுபடி ஒற்றினான். பசை வெள்ளையாகப் பூத்தது. பல் குத்தும் குச்சியால் பொருக்குப் பொருக்காகச் சுரண்டினான்.

"ஒண்ணு சொல்லட்டுமா அண்ணி? அண்ணன் ஒட்டி எதுவும் நின்னதே கிடையாது. என் ஷூவ ஒட்டினான், பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள வாயைப் பொளந்துடுச்சு. சுவர்க் கடிகாரத்தை ஒட்டினான், அம்மா தலையில விழுந்துது. இது ஒண்ணுதான் இப்படிப் பிடிச்சுட்டு நிக்குது."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவன் குச்சி நுனியால் விசையைச் சுற்றித் தடவிப் பார்த்தான்.

"இப்ப ஒரு மூலைலதான் ஒட்டியிருக்கு. ஒரு நெம்பு நெம்பினா வந்துடும். நெம்பட்டுமா?"

"டீ போடவா?" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குச்சியை விசையின் கீழே செருகியபடியே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "சக்கரை கம்மியா போடுங்க."

5

முடிவு ஒன்று: அவள் நெம்புகிறாள். விசை துள்ளி எழுகிறது. 'மரணம் எப்போதுமே' முதலில் போகிறது. அப்புறம் கொழுந்தனின் ஷூ. பழக்க தோஷத்தில் எல்லாமே போய், வெள்ளைத் திரை மிஞ்சுகிறது.

முடிவு இரண்டு: நெம்புகிறாள், ஆனால் எதையும் அழிப்பதில்லை. (அது வேறு யாரோ. அப்படிப்பட்டவளை அவளுக்குப் பழக்கமில்லை.)

முடிவு மூன்று: விசையைத் தொடவே இல்லை. மோசமான வாக்கியங்களோடு ஒரு கதை முதல்முறையாக முடிந்து நிற்கிறது. ஆனால் முடித்தது அவளா, பசையா?

இந்த மூன்றில் எதையும் எழுத அவளுக்குத் துணிவில்லை. குச்சி செருகியபடியே இருக்கிறது. நெம்பலாமா என்று உங்களைத்தான் கேட்கிறாள். நீங்கள் சொல்கிறவரைக்கும் லேப்டாப்பை மூட முடியாது, குச்சி இடிக்கும்.

கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைக்கிறாள். இடது கால் மடங்குகிறது. வலது கால் மடங்குவதில்லை.