போக மறுத்த மலை

ஓவியர் பத்து முறை தூரிகையைச் சுவரில் வைத்தால், பதினோராம் முறை அதைக் கீழே போட்டுவிட்டுப் பின்புறமாகவே பன்னிரண்டு எட்டு நடப்பார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். வழியில் வாளி இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்ற கவலை அவருக்கில்லை. இரண்டையும் அப்புறப்படுத்துவது அவருடைய மனைவியின் தம்பியான மச்சானின் பொறுப்பு.

அவர் வரைந்துகொண்டிருந்த கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. நோயாளிகளின் கண்கள் சற்றுத் தொலைவு போய் இளைப்பாறட்டும் என்றுதான் மருத்துவர் அம்மையார் சுவரில் ஓர் இயற்கைக் காட்சியைக் கேட்டிருந்தார். வயல் விரிந்தது, ஆறு வளைந்தது, கடைசியில் நிற்கவேண்டிய மலை மட்டும், முன்வரிசை நாற்காலியை விட்டு எழாத விருந்தாளியைப் போல மூக்கருகே வந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு மணிக்குள் சரியாகாவிட்டால் அச்சடித்த படத்தை ஒட்டிவிடுவதாக அம்மையார் சொல்லிவிட்டார். மூன்று வார உழைப்பு அந்த மலையின் கையில் இருந்தது.

"இந்த மலை போகணும்டா," என்று முனகிவிட்டு ஓவியர் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது மலையே இல்லை. அவ்விடத்தில் ஈரம் காயாத வெள்ளைப் பூச்சு.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"நீங்கதானே மாமா மலை போகணும்னீங்க? போயிடுச்சு."

"தள்ளிப் போகணும்னு சொன்னேன்டா, மண்டு! நீ வாளி கழுவத்தான் லாயக்கு. இனிமே தூரிகையத் தொட்டுப் பாரு!"

வரவேற்பு மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மச்சான் வாளியோடு வெளியே குழாயடிக்குப் போனான்.

ஓவியர் ஈரத்துணியால் பதறிப் பதறித் துடைத்தார். வெள்ளை வந்தது, ஆனால் முழுவதும் வரவில்லை. மெல்லிய படலமொன்று மலைமேல் தங்கிவிட்டது. கை ஓய்ந்து, பன்னிரண்டு எட்டுப் பின்னால் நடந்து ஒரு கண்ணை மூடினார். மூடிய கண் தானாகவே திறந்துகொண்டது. பனிபோல் படர்ந்த அந்த வெள்ளைக்குப் பின்னே, ஆற்றுக்கும் அப்பால், மலை போயே போயிருந்தது! அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

நான்கு மணிக்கு வந்த அம்மையார், "அப்பாடா, இப்பதான் இந்த ரூம்ல மூச்சு விட முடியுது. எப்படிப் பண்ணீங்க?" என்றார்.

ஓவியர் குழாயடிக்குப் போய் மச்சானைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"மலைய நான் போட்டேன் டாக்டர். தூரத்தப் போட்டது இவன். அது புரியாம, எல்லார் முன்னாடியும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்." பிறகு மச்சானிடம் திரும்பினார். "மனசுல வச்சுக்காதடா. இந்தா, என் பேருக்குப் பக்கத்துல உன் பேரையும் எழுது."

மச்சான் தூரிகையை வாங்கிக்கொண்டு தயங்கினான்.

"பேரு போகணுமா, இருக்கணுமா மாமா? இப்பவே தெளிவாச் சொல்லிடுங்க."

"இருக்கணும்டா. நல்லா முன்னாடியே இருக்கணும்."