நம்பரை மட்டும்தான் சொன்னாள்

நம்பரை மட்டும்தானே சொன்னேன், டைப் அடித்தது சுரேந்தர்தானே, என்று உக்கடத்தில் பஸ் ஏறியதிலிருந்து நவ்யா தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள், ஒத்தக்கால்மண்டபம் தாண்டியும் அந்தச் சமாதானம் மனதில் ஒட்டவில்லை. கல்லூரிக்கு எதிரே புதிதாகத் திறந்த பிரௌசிங் சென்டர், ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நாலு பேர், முன்பின் தெரியாதவர்கள் அரட்டையடிக்கும் அறைக்குள் சுரேந்தர் தங்கள் வகுப்பு அக்ஷயாவின் பெயரில் நுழைந்து, தனியாக இருக்கிறேன், யாராவது பேசுங்கள் என்று அடித்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான்... அவ ஊட்டு நம்பர் என்ன என்று அவன் கேட்டான். ஏன் சொன்னாள்? தேர்வில் அக்ஷயா தன்னை முந்திவிட்ட எரிச்சலா, இல்லை, அத்தனை பேரில் தனக்கு மட்டும்தான் அந்த நம்பர் மனப்பாடம் என்ற பெருமையா? பெருமைதான், சீ, அதுதான்.

அன்று ராத்திரியே கிணத்துக்கடவில் அக்ஷயாவின் வீட்டில் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. எந்தெந்த ஊரிலிருந்தோ, யார் யாரோ, அக்ஷயா இருக்கிறாளா என்று. அவளுடைய அம்மா எடுத்தால் அதைவிடக் கேவலமாக. நான்காம் நாள் அப்பா தம்பிதுரை வயரைப் பிடுங்கிப் போட்டார், ஐந்தாம் நாள் மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார். வகுப்பில் பேச்சு வேறு மாதிரி வளர்ந்தது, அவளே கொடுத்திருப்பாள், அமைதியா இருக்கறவங்களை நம்பவே கூடாது... நவ்யா வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம். நேற்று வருகைப் பதிவு எடுத்த மேடம் அக்ஷயாவின் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார், ஒரு நொடி கூட நிற்காமல், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்பதுபோல். இன்று நவ்யா கிணத்துக்கடவு பஸ் ஏறிவிட்டாள்.

அக்ஷயாவின் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். தோப்பிலிருந்து வந்த தம்பிதுரை எதிரே உட்கார்ந்தார். இந்த மனுஷன் கத்துவார், கத்தட்டும், விளையாட்டுக்குத்தான் பண்ணினோம் என்று தொடங்கலாமா, வேண்டாம், விளையாட்டு என்ற சொல்லே வேண்டாம்...

"யாருன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா அம்மணி?"

"நம்பரைச் சொன்னது நானுங்க அங்கிள். அவ பேருல அடிச்சது சுரேந்தர்னு எங்க கிளாஸ் பையனுங்க. அக்ஷயாவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. பிரின்சிபால்கிட்ட வந்து எழுதிக் குடுக்கறனுங்க."

அவர் கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஈரமே இல்லாத கையை வெகுநேரம் துடைத்தார். பிறகு உள்ளே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப எம் புள்ள... யாருக்கும் குடுக்கலீங்களா?"

ஆனால் சமையலறை வாசலில் அக்ஷயா நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாள், எல்லாவற்றையும் கேட்டாளா, இளைத்துவிட்டாள். நவ்யா அவளுடைய கண்ணைச் சந்திக்கத் தயாரானாள், திட்டுக்கும் அழுகைக்கும் தயாரானாள், அவளோ நவ்யாவைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்றைக்குத்தான் முதன்முதலாக வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல். மூன்று வாரமாக இந்த வீட்டில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்களா, கேட்காமலேயே, சோறு போட்டுக்கொண்டே? சுரேந்தரைப் பற்றி எழுதிக் கொடுக்கலாம், வகுப்பில் எழுந்து நின்று சொல்லலாம், திங்கட்கிழமையே அக்ஷயா பஸ் ஏறி வந்தாலும் வரலாம், ஆனால் இந்தப் பார்வையை யாரிடம் போய்ச் சொல்வது, இதற்கு எங்கே கையெழுத்துப் போடுவது... மோர் டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல், குடிக்கவும் முடியாமல் நவ்யா உட்கார்ந்திருந்தாள், மகளைத் திரும்பிப் பார்க்காமல் தம்பிதுரை இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.